ஜெயசித்ரா நீக்கிய வீடியோ

அரியலூர் ஜவுளிக்கடை ஒன்றில் ஒன்பது வருடம் புடவை பிரித்துக் காட்டியவள் ஜெயசித்ரா. கடையை மூடியபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. திருமானூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் பழகிய உடம்பு, வீட்டில் ஒரு வாரம்கூட நிலைகொள்ளவில்லை. பெரம்பலூரிலிருந்து இரண்டு மூட்டை சின்ன வெங்காயம் வரவழைத்தாள். உளுந்தும் கடுகும் சேர்த்து இடித்து, உருட்டி, மொட்டைமாடியில் தாளிப்பு வடகம் காயவைத்தாள்.

செய்யத் தெரிந்தது, விற்கத் தெரியவில்லை. கடையில் கூட நின்ற ஜோதிதான் வழி சொன்னாள்.

"புதுசா ஒரு வீடியோ ஆப் வந்திருக்குடி. பழசுல எல்லாம் ஒரே கூட்டம். இதுல இப்பவே போனாத்தான் நம்ம மூஞ்சி நாலு பேருக்குத் தெரியும்."

மூஞ்சியைக் காட்டத் தயக்கம். கையை மட்டும் காட்டி இருபத்திரண்டு வீடியோ போட்டாள். முப்பது, நாற்பது பேர் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் மூன்றே ஆர்டர், அதில் ஒன்று ஜோதியுடையது.

அடுத்த வீடியோவில் அவள் புருஷன் கொளஞ்சியப்பன் குறுக்கே வந்துவிட்டார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், பேச்சு திக்கும். கேமரா ஓடுவது தெரியாமல், "சி... சித்ரா, லா... லாரி சாவி எங்க?" என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். அதை வெட்ட வேண்டுமென்று தோன்றாமல் அப்படியே போட்டும்விட்டாள்.

மறுநாள் மதியத்துக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். ஆர்டர் நாற்பதைத் தாண்டியது. வீடியோவுக்குக் கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்ததைப் பூரிப்போடு படிக்க ஆரம்பித்தாள். பாதிப் பேர் அவரைப்போலவே வார்த்தையை உடைத்து உடைத்து எழுதிக் கேலி செய்திருந்தார்கள். யாரோ அவர் குரலை மட்டும் வெட்டியெடுத்துப் பாட்டோடு ஒட்டியிருந்தார்கள். அவள் சிரித்தது பிரியத்தில்தான். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவே பார்க்கும்போது, முதலில் சிரித்தவளே அவள்தான் என்பதுபோல இருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த கொளஞ்சியப்பனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. குவாரியில் போனை நீட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

"எ... எடுத்துடாத. நாப்பது பார்சல் போவுதுல்ல."

"அது கெடக்கட்டும். உங்களுக்கு எப்படிங்க இருந்துச்சு?"

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "ப... பள்ளிக்கூடத்துல இருந்தாப்புல இருந்துச்சு."

அவர் எதிரிலேயே அவள் வீடியோவை நீக்கினாள். வெட்டி ஒட்டிப் பரப்பியவை அவள் கைக்கு எட்டாதவை. அந்த நாற்பது பேருக்கு அனுப்புவதா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினாள். வடகம் கேட்டவர்கள் எல்லாரும் கேலி பேசியவர்கள் இல்லையே என்று சமாதானமாகிப் பார்சல் கட்டினாள்.

அடுத்துப் போட்ட வீடியோக்களுக்குப் பார்வை மறுபடி ஐம்பதுக்குள் இறங்கியது. ஜோதி திட்டினாள். ஆனால் அந்த நாற்பதில் ஒன்பது பேர் திரும்பக் கேட்டார்கள். ஓசூரிலிருந்து ஒரு பெண், தன் மகனுக்கும் பேச்சு திக்கும் என்று சொல்லி, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று விசாரித்திருந்தாள். ஜெயசித்ரா அதைப் புருஷனுக்கு வாசித்துக் காட்டினாள். இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சட்டை மாற்றிக்கொண்டு மாடிக்கு வந்தார். "இ... இன்னிக்கு நான் சொல்றேன். தெ... தெரிஞ்சே சொல்றேன்."

வடகத்தை எண்ணெயில் எப்போது போட வேண்டும் என்று சொல்லி முடிக்க அவருக்கு மூன்று நிமிடம் ஆனது. அவள் ஒரு நொடியைக்கூட வெட்டவில்லை. அறுநூறு பேர் பார்த்தார்கள், சிலர் சிரிக்கவும் செய்தார்கள்.

இப்போது வாரத்துக்குப் பதினைந்து பார்சல் போகிறது, ஜவுளிக்கடைச் சம்பளத்தில் பாதி வரும். அந்த ஆப் நிலைக்குமா என்பது ஜோதிக்கே சந்தேகம்தான். கொளஞ்சியப்பன் மனசு வந்த நாளில் பேசுகிறார், வராத நாளில் வீடியோவில் அவள் கை மட்டும் வடகம் உருட்டுகிறது.