ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவே ஒரு தீவு: புலாவ் பெசாரில் மூன்றரை மணி நேரம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இந்தப் பயணம் நடந்தது. சிகாமட்டில் தம்பி வீட்டில் தங்கியிருந்த என் பள்ளித்தோழி சரோஜா, ஈப்போவுக்குப் போகிற வழியில் என்னைப் பார்ப்பதற்காகப் புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் இறங்குவதாகச் சொன்னாள். காலை 8.10க்கு ரயிலில் இருந்து இறங்குவாள், மாலை 5.20க்கு அடுத்த ரயிலில் ஏறுவாள். நடுவில் ஒன்பது மணி பத்து நிமிடம்.

"உன் வீட்டுல உக்காந்து டீ குடிக்க நான் வரலடி. என்னைத் தீவுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள் தொலைபேசியில்.

இருவருக்கும் எழுபத்துமூன்று வயது. மலாக்காவில் கான்வென்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவள் நாற்பது வருடமாகப் பெர்த்தில் இருக்கிறாள். நான் மலாக்காவிலேயே, புக்கிட் காத்தில் என்ற இடத்தில் இருக்கிறேன். அவள் சொன்ன தீவு புலாவ் பெசார். இரண்டு வயதில் அவளுக்கு அம்மை கண்டு, பிழைப்பாளா என்ற நிலை வந்தபோது, பிள்ளை தேறினால் அங்கே கொண்டுவருகிறேன் என்று அவள் அம்மா வேண்டிக்கொண்டாராம். தேறியதும் படகில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே அடங்கியிருக்கும் இஸ்லாமியப் பெரியவர்களிடம் நேர்ந்துகொள்ளும் இந்துக் குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும்? "ஒரு தடவ கண்ணால பாத்துட்டா போதும்" என்றாள்.

நான் அட்டவணை போட்டேன். இதே மாதிரி அரை நாள் கையில் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் முழுதாகத் தருகிறேன். நிலையத்திலிருந்து உம்பாய் பக்கத்துப் படகுத்துறைக்கு 52 கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். வாடகைக் கார் நாள் முழுவதற்கும் 180 ரிங்கிட். பத்து மணிப் படகில் போய் இரண்டு மணிப் படகில் திரும்புவது. போக வர ஆளுக்கு 16 ரிங்கிட். கடலில் இருபத்தைந்து நிமிடம். ஆக, தீவில் மூன்றரை மணி நேரம். திரும்பி நிலையம் சேர்ந்த பிறகும் ஒன்றே முக்கால் மணி நேரம் மிஞ்சும்.

ஓட்டுநர் குமார் புலாவ் செபாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். ரப்பர் மரங்களையும் செம்பனைத் தோப்புகளையும் தாண்டும் வரை எந்த மரம் யார் தோட்டத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். படகுத்துறையில் சரோஜா தன் கைப்பையை எடுத்தாள். பை ஒரு கோழியின் எடை இருக்கும்.

"அதைக் காரிலேயே வை. மருந்து மட்டும் எடு. சாப்பாடு நான் கொண்டு வந்திருக்கேன்" என்றேன்.

"ஆன்ட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும் லா" என்றார் குமார். அவள் இன்சுலின் பேனாவை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். மிட்டாய், பிஸ்கட் எல்லாம் அந்தக் கைப்பையில்தான் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

நீலக்கடலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மலாக்கா நீரிணை பால் ஊற்றிய தேநீரின் நிறம். ஆனால் தீவை நெருங்கும்போது தண்ணீர் மெல்லப் பச்சையாகிறது; அது எந்த இடத்தில் மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டவை சேவல்கள். பாதையில், சுவரில், மூடிக்கிடக்கும் ஒரு விடுதியின் படிக்கட்டில், எங்கும் சேவல்கள். நேர்ந்து விட்டவை, யாரும் பிடிக்க மாட்டார்கள் என்றார் படகுக்காரர். அவற்றுக்கும் அது தெரிந்திருக்கிறது, வழி விடுவதில்லை.

பாதை சிமெண்ட் போட்டது, பெரும்பாலும் சமதளம். எங்கள் வயதுக்கு ஏற்றது. கடலிலிருந்து நான் எண்ணி நாற்பது அடி தூரத்தில் ஒரு கிணறு இருக்கிறது. உப்புக் கரிக்கும் என்று நினைத்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். நல்ல தண்ணீர். மறுபடி தொட்டுப் பார்த்தேன். அப்போதும் நல்ல தண்ணீர்தான். எப்படி என்று அங்கே இருந்த ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

கல்லறைகள் மரங்களுக்கு நடுவே இருக்கின்றன. சில, ஒரு மனிதனுக்கு வேண்டியதைவிட இரண்டு மடங்கு நீளம். செருப்பைக் கழற்றி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சரோஜா ஒன்றின் முன்னால் நின்றாள். நான் மாதா கோவிலுக்குப் போகிறவள். சற்றுத் தள்ளி நின்றேன். எந்த இடத்துக்கு அவள் அம்மா தூக்கி வந்தார் என்று தெரியாததால், அவள் ஒன்றையும் விடாமல் எல்லாவற்றின் முன்னாலும் நின்றாள். என் அட்டவணையில் இதற்கு இருபது நிமிடம். ஆனது ஒரு மணி ஐந்து நிமிடம்.

பன்னிரண்டேகாலுக்குச் சவுக்கு மரத்தடியில் பாய் விரித்தேன். சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்பு ஊசி போட்டுக்கொள்வது சரோஜாவின் வழக்கம். போட்டுக்கொண்டாள். நான் டப்பாவைத் திறந்தேன். ஓரம் நீக்கிய ரொட்டி, முட்டையில் தோய்த்துப் பொரித்த லஞ்சன் மீட், வெள்ளரிக்காய். கான்வென்ட் பிக்னிக்குக்கு எங்கள் வீட்டில் இதைத்தான் கட்டித் தருவார்கள். எட்டுத் துண்டுகள், ஒரே அளவு.

சரோஜா பார்த்தாள். "இது என்ன கறிடி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்றிக்கறி சாப்பிட்டுவிட்டோ எடுத்துக்கொண்டோ இந்தத் தீவுக்கு வரக்கூடாது. பிறந்ததிலிருந்து மலாக்காவில் இருக்கிறவள், இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் டின்னிலிருந்து சதுரமாக வந்து விழுவதை என் வாழ்நாளில் நான் பன்றிக்கறி என்று நினைத்ததில்லை. அது லஞ்சன் மீட், அவ்வளவுதான். டப்பாவை மூடினேன்.

"உன் டைம்டேபிள்ல இதுக்கு எத்தன நிமிஷம் போட்டிருக்க?" என்று சிரித்தாள் சரோஜா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசி உள்ளே போய்விட்டது. சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கும். மிட்டாய் கடலுக்கு அந்தப் பக்கம் காரில் இருக்கிறது. படகுத்துறை அருகே இரண்டு கடைகள் உண்டு. வாரநாள் என்பதால் இரண்டிலும் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்ததை வரும்போதே பார்த்தேன்.

"சாப்பிட்டுடு. உயிருக்கு ஆபத்துன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றேன்.

"பெர்த்துல வாரத்துக்கு ரெண்டு தடவ திங்கிறேன். இங்க வேண்டாம். எங்கம்மா என்னை எங்க தூக்கிட்டு வந்தாங்கன்னு இப்பதான் ஒவ்வொண்ணா நின்னு பாத்துட்டு வர்றேன்."

"ரொட்டியை மட்டுமாவது தின்னு."

"கறிமேல கெடந்த ரொட்டி. போய் யார்கிட்டயாவது கேளுடி."

அவள் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது. வெயிலாலா வேறெதனாலா என்று தெரியவில்லை.

இருநூறு அடி தூரத்தில் ஒரு கொட்டகையில் புகை வந்தது. தமிழ் முஸ்லிம் குடும்பம் ஒன்று நேர்ச்சைக்குப் பெரிய சட்டியில் நெய்ச்சோறு ஆக்கிக்கொண்டிருந்தது. கேட்பதென்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. என் கணவர் இருந்தவரை வழி கேட்பது, விலை கேட்பது, அடுத்த வீட்டில் ஏணி கேட்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் போன பதினோரு வருடத்தில் எதையும் யாரிடமும் கேட்க வேண்டியிராதபடி என் வீட்டை வைத்திருக்கிறேன். அந்த இருநூறு அடி நீளமாக இருந்தது.

கரண்டியோடு நின்றவர் பெயர் சுலைகா என்று பிறகு தெரிந்தது. அறுபது வயது இருக்கும். "என் தோழி சர்க்கரைக்காரி. ஊசி போட்டுட்டா. சாப்பாடு இல்லை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சாப்பாடு கொண்டுவந்தேன். அதில் கொண்டுவரக் கூடாத கறி இருக்கு. தெரியாம இல்லை, யோசிக்காம" என்றும் சொன்னேன். மறைத்துவிட்டு அவர்கள் சோற்றை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

கரண்டி நின்றது.

"டப்பா இப்ப தொறந்திருக்கா?"

"மூடிட்டேன்."

"அப்ப மூடினபடியே இருக்கட்டும்மா. வீட்டுக்குப் போயி தொறங்க. மொதல்ல கையக் கழுவுங்க, நல்லா சோப்புப் போட்டு." உடனே பின்னால் திரும்பி, "அந்த சிராப் தண்ணிய ஊத்து, சீனி தூக்கலா!" என்று யாரையோ விரட்டினார்.

இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பெரிய கோப்பை இனிப்புத் தண்ணீரும் ஒரு தட்டு நெய்ச்சோறும் வாங்கிவந்தேன். சரோஜா கோப்பையை ஒரே மூச்சில் குடித்தாள். விரல் நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது, கைக்கடிகாரத்தில் பார்த்தேன். அதற்குள் அவள் பாதித் தட்டு முடித்திருந்தாள்.

"ஒனக்கு?"

"எனக்குப் பசிக்கலை."

"பொய் சொல்லாத. சிஸ்டர் இருந்தா முட்டி போட வச்சிருப்பாங்க. ஒரு தட்டுதான கேட்ட? போய் இன்னொண்ணு கேளு."

நான் போகவில்லை. அவளுக்கு உயிர் போகும் விஷயம். எனக்கு வெறும் பசி. அதற்காக எப்படிக் கேட்பது? ஒரு மணி வரை உட்கார்ந்து சேவல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து போனேன். "எனக்கும் கொஞ்சம் வேணும்" என்ற மூன்று சொற்களை நடக்கும்போது இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சுலைகா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்பதான் கேக்குறீங்களா? ஆறிப்போச்சு லா!"

இருபது ரிங்கிட் நீட்டினேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டு, குழாயடியில் கிடந்த சட்டிகளைக் காட்டினார். அங்கே சாப்பிட்டவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஐந்து சட்டிகளைத் தேய்த்தேன். மற்றவர்கள் கழுவியிருந்ததில் இரண்டை மறுபடியும் தேய்த்தேன். அது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு மணிப் படகு ஏழு நிமிடம் தாமதம். புலாவ் செபாங்கை 3.50க்கு அடைந்தோம். ரயில் சரியான நேரத்துக்கு வந்தது; சரோஜா ஏறினாள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வாரநாளில் கூட்டமில்லை, ஆனால் கடைகளை நம்பாதீர்கள். படகு நேரத்தையும் கட்டணத்தையும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். தலைக்கும் தோளுக்கும் ஒரு துண்டு, எளிதில் கழற்றும் செருப்பு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். மருந்து எடுத்துக்கொள்பவர்கள் தங்கள் பையைத் தாங்களே சுமக்கட்டும். என்னைப் போன்றவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டாம். டின்னின் பின்பக்கத்தை முந்திய நாளே படித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் மீறிக் கையில் சோறில்லாமல் நின்றால், புகை வருகிற கொட்டகைக்குப் போய்க் கேளுங்கள். கேட்கும்போது உங்களுக்கும் சேர்த்து ஒரே தடவையில் கேட்டுவிடுங்கள். இரண்டாவது தடவை போக மனதைத் தயார் செய்வதற்குள் சோறு ஆறிவிடும்.