சங்கத்துச் சர்வரும் அப்பா விதைத்த பயறும்

கீற்றுக் கொட்டகையில் கிடந்த சங்கத்துக்குக் கல் கட்டடம் எழுப்பியவன் நான். பாசி பிடித்த குட்டையைத் தூர்த்து நெல் கிடங்கு கட்டியவன் நான். உர லாரி ரோட்டோடு நின்று மூட்டையைத் தலையில் சுமந்த காலத்தில், அலையாய் அலைந்து வாய்க்கால் மேல் பாலம் போடவைத்து, லாரியைச் சங்க வாசலுக்கே கொண்டுவந்தவனும் நான்தான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். பண்ணையாள் மகன். எந்த மிராசுதார் வீட்டுக் கொல்லைப்பக்கமாகப் போய்க் கூலி நெல் வாங்கினேனோ, அவர் மகன் பிற்பாடு கடன் மனுவோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஊரில் வேறு யாரும் சொல்வதாகக் காணோம்.

இந்த வரிசையில் இன்னொன்றும் இருக்கிறது. சங்கத்தின் கம்ப்யூட்டரை ஓட வைத்தவனும் நான். அதைச் சொன்னால் மட்டும் சிரிக்கிறார்கள்.

எங்கள் சங்கம் திருவிடைமருதூர்ப் பக்கத்தில், பயிர்க்கடனும் உரமும் நகைக்கடனும் கொடுக்கிற விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பழைய பண்ணையாட்கள், குத்தகைக்காரர்கள். கூலிக்கும் குத்தகைக்கும் ஊருக்கு ஊர் தகராறு நடந்த நாட்களில், டவுனில் இருந்த பெரிய சங்கம் எங்களை வாசலிலேயே நிறுத்திவிடும். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பார்கள். மிராசுதார் பெயரில் என்றால், அவரையே வரச் சொல்லு என்பார்கள். அந்த அவமானத்தில்தான் நாங்கள் தனியாகச் சங்கம் வைத்தோம்.

நான் தலைவராக இருந்தபோது கம்ப்யூட்டர் வந்தது. கண்ணாடி அறைக்குள் ஒரு பெரிய பெட்டி, அதற்கு ஏசி. அதிலிருந்து ஒயர் இழுத்து மேசைக்கு ஒரு திரை. எல்லா மேசைக்காரர்களும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் வேலை பார்க்க வேண்டும். அதற்குச் சர்வர் என்று பெயர். எனக்கு மனைவி மக்களுக்கு ஏசி போட வக்கில்லை, ஒரு பெட்டிக்குப் போட்டேன்.

வந்த சில மாதத்திலேயே அது படுத்துவிட்டது. முழுக்க நின்றாலாவது சொல்லலாம், நிற்கவும் இல்லை. காலையில் திறந்தவுடன் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற நகராது. உறுப்பினர் பெயரைத் தட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்த் திரும்பினாலும் திரை அப்படியே இருக்கும். சம்பா நடவு நேரம். நாற்று பறித்துப் போட்டுவிட்டு உரத்துக்கு வந்தவர்கள் வெயிலில் வரிசையாக நின்று என்னைத்தான் திட்டினார்கள். மாவட்ட ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தார். வரிசையைப் பார்த்தார், என் வேட்டியைப் பார்த்தார்.

"உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதுங்க. சம்பா முடியறதுக்குள்ள சரியாகலேன்னா, டவுன் சங்கத்தோட இதைச் சேர்த்துவிட எழுதிடுவேன்."

எந்த வாசலில் எங்களை நிறுத்தினார்களோ அதே வாசலுக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தார்.

சென்னையிலிருந்து ஓர் இன்ஜினியரை வரவழைத்தோம். பொறுமைசாலி, குறை சொல்லமாட்டேன். முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டார். பம்புசெட்டெல்லாம் ஓடுகிற நேரத்தில் எங்கள் ஊரில் மின்விசிறியே முனகும். ஸ்டெபிலைசர் மாற்றினோம், பலனில்லை. பிறகு ஒயர். கிடங்கு எலி ஒயரைக் கடித்திருந்தது உண்மைதான். புது ஒயர் இழுத்தும் பலனில்லை. மெமரி என்று ஒன்று வாங்கிச் செருகினார். வாரம் தாங்கவில்லை, பழைய கதைதான். பெட்டியை அணைத்துப் போட்டால் பறக்கும், வெயில் ஏறினால் படுக்கும். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். லோடு ஜாஸ்தி, இந்த மெஷின் தாங்காது, பெரிதாக வாங்க வேண்டும் என்றார். பெரிதாக வாங்க எங்களிடம் ஏது வழி? டவுன் சங்கத்தோடு இணைப்புக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். ஹாலில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அப்போதும் திரை நகரவில்லை. எனக்கு அது உறைத்தது. மாடு இரண்டையும் அவிழ்த்துவிட்ட பிறகும் செக்கு சுற்றுமா?

"ஆளே இல்லையே, அப்புறம் என்ன லோடு?" என்று கேட்டேன்.

"உள்ள வேலை ஓடிக்கிட்டுதான் இருக்கு சார். எல்லா டேபிள்லேர்ந்தும் முழு உறுப்பினர் பட்டியல் போட்டிருக்காங்க. நான் டெய்லி பாக்கறேன். அது ரொம்பப் பெரிய வேலை."

அவர் அதை ஆபீஸ் வேலை என்று நினைத்திருந்தார். அந்தப் பட்டியல் எங்களுக்கு வருடாந்திரப் பேரவைக் கூட்டத்துக்கு மட்டும்தான் வேண்டும். சம்பா நடவில் அதை எவன் கேட்டான்?

சாப்பிட்டுவிட்டு வந்தவர்களை நிற்கவைத்துக் கேட்டேன். கடைசியில் உரம் பார்க்கிற அம்மாதான் பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க தலைவரே. உள்ள இத்தனை பேருக்குத்தான் இடம்னு ஒரு கணக்கு வெச்சிருக்கு. கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டு எழுந்தா வெளிய தள்ளிடுது. திரும்பி வந்தா இடம் இல்லேங்குது. வரிசையில நிக்கிறவங்க எங்களத்தான் திட்டுறாங்க. அதான் அந்தப் பட்டியலப் போட்டுவிட்டுட்டு எழுந்து போறோம். அது ஓடுற வரைக்கும் தள்ளாது. பஸ்ஸுல துண்டு போடுற மாதிரிதான்."

"நீங்க ஒரு துண்டா போட்டீங்க?" என்றார் நகைக்கடன் பார்ப்பவர். "ரெண்டு சீட்டுக்குல்ல போட்டீங்க."

"நீங்க பாயே விரிச்சு வெச்சிருக்கீங்க. பேச வந்துட்டாரு."

இன்ஜினியர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பா நினைவுக்கு வந்தார்.

அப்பா பண்ணை வேலையோடு சேர்த்துக் குத்தகைக்குப் பார்த்த வயல் வாய்க்காலின் கடைமடையில் இருந்தது. அறுப்பு முடிந்த கையோடு, ஈரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பயறை வீசிவிடுவார். வீட்டில் நாங்கள் கஞ்சிக்கு இல்லாமல் கிடக்க, விதைப் பயறு மண்ணுக்குப் போகும். காய்க்காது என்று அவருக்கே தெரியும். வயல் வெறுமையாகக் கிடந்தால் மிராசுதாரின் ஏர் இறங்கிவிடும். பயிர் நின்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். அதற்காகவே அந்தப் பயறு. குத்தகைப் பதிவில் அவர் பெயர் ஏறிய பிறகுதான் அந்த விதைப்பை விட்டார். அதுவரை அம்மா திட்டியும் விடவில்லை, மழை பொய்த்தும் விடவில்லை.

எல்லோரையும் கடுமையாக எச்சரிக்கச் சொல்லிச் சங்கச் செயலாளர் என் காதில் ஓதினார். நான் கேட்கவில்லை. இன்ஜினியரிடம் சொன்னேன்:

"திட்டி நிறுத்த முடியாதுங்க. விரட்டிடுவாங்கன்னு பயப்படுறவன்தான் வேண்டாத பயிர் வைப்பான். மேசைக்கு ஒரு இடம்னு எழுதிக் குடுத்துடுங்க. எழுந்து போனாலும் அது அவங்க இடம்தான்னு இருக்கட்டும். பட்டியல அவங்களே விட்டுடுவாங்க."

அவர் மேசைகளை எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு, "பண்ணலாம் சார்" என்றார்.

பண்ணினார். பொதுவில் கிடந்த இடங்கள், எண்ணிப் பார்த்தால், எல்லா மேசைக்கும் போதுமாகவே இருந்தன; அவற்றை மேசைக்கு ஒன்றாகக் கட்டிப்போட்டார். ஆள் எழுந்து போனால் வெளியே தள்ளாமல் திரையை மட்டும் பூட்டும்படி மாற்றினார். முழுப் பட்டியலைச் செயலாளர் மட்டும்தான் எடுக்கலாம் என்றும் வைத்தார். அந்த வேலை எனக்குத் தெரியாது. அது அவர் வேலை, அதில் நான் பங்கு கேட்கவில்லை.

அதன் பிறகு உச்சி வெயிலிலும் பெட்டி ஓடியது. அதே பழைய பெட்டிதான். அதிகாரி மறுபடி வந்து, உரம் வாங்க வந்தவர்கள் வரிசை தேங்காமல் போவதைப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். இணைப்புப் பேச்சு அதோடு செத்தது.

பிறகு தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. கரைவேட்டியின் கரை மாறினால் எங்கள் பக்கத்தில் சங்க நாற்காலியும் மாறும். நிர்வாகக் குழுவைக் கலைத்தார்கள். தனி அலுவலர் என்று அரசாங்கம் போட்ட ஒருவர் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் காலத்தில் சர்வர் அறைச் சுவரில் ஒரு கல் பதித்தார்கள். தனி அலுவலரின் சீரிய வழிகாட்டுதலாலும் பொறியாளரின் திறமையாலும் கணினிச் சேவை செம்மையுற்றது என்று அதில் இருக்கிறது. பெட்டி சரியானபோது அந்தத் தனி அலுவலர் எங்கள் ஊர்ப் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

நேரில் போய்க் கேட்டேன்.

"பெரியவரே, நீங்க அந்த மெஷினத் தொட்டதே இல்லேன்னு சொல்றாங்களே" என்றார்.

"தொடலைங்க. தொட்டவங்கள்லாம் அதுவரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?"

உரம் பார்க்கிற அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல், தனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார். அவருக்கு அப்போது வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. புரிகிறது. அவரும் இடம் போகாமல் இருக்கப் பயறு வீசினார். ஆனால் அது என் வயலில் விழுந்தது.

அந்தப் பெட்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. சங்கம் இருக்கிறது, எங்கள் ஊரிலேயே, எங்கள் ஆட்களுக்கே இருக்கிறது. கல்லும் இருக்கிறது. இந்த வருடம் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, கல்லைக் கழுவி எழுத்துக்குப் புதிதாக மை பூசப்போவதாகக் கேள்வி. பழைய தலைவர்கள் வரிசையில் மாட்ட என்னிடம் ஒரு போட்டோ மட்டும் கேட்டு ஆள் அனுப்பினார்கள். கொடுக்கவில்லை.

கல்லில் பொறியாளர் வரிக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது. விரலால் அளந்து பார்த்துவிட்டேன். சங்கத்தை இப்போது நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன், அதில் என் பெயரைப் பொறியுங்கள். முன்னாள் தலைவர் என்று போட்டு மழுப்ப வேண்டாம். பெட்டி ஏன் நின்றது என்று கண்டு சொன்னவர் இவர் என்று போடுங்கள். என் கண் மூடுவதற்கு முன்னால் போடுங்கள், நான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்கிறேன்.