டேங்கின் அடியில் தேங்கிய நீர்

என் அண்ணி நன்றாக மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர். அவருக்கு ஓட்டத் தெரியாது என்று எல்லோரையும் நம்பவைத்தவள் நான். அவரையே நம்பவைத்தவளும் நான்தான்!

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். முகம் தெரியாதவர்களிடம் சொல்வது எளிது என்று எண்ணித்தான் எழுத உட்கார்ந்தேன்... எளிதாக இல்லை.

மைசூரில் ஒரு பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போய்வரும் ஒரு சிறு குழுவில் நானும் உண்டு. அங்கே பெட்ரோல் பற்றிய எந்தச் சந்தேகமும் என்னிடம்தான் வரும். விலை கூடிய பெட்ரோல் பழைய எஞ்சினுக்குத் தேவையா? எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் ஏன் குறைகிறது? பழைய ரப்பர் குழாய்கள் ஏன் ஊறிப்போகின்றன? எல்லாவற்றுக்கும் நான் விளக்கம் சொல்வேன். அவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். அந்தத் தலையாட்டல் எனக்கு எவ்வளவு இனித்தது!

அண்ணியின் பெயர் ஸ்டெல்லா. மருத்துவமனையில் நர்ஸ். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, தன் சம்பாத்தியத்தில் பழைய கார்புரேட்டர் வண்டி ஒன்றை வாங்கி, ஆசை ஆசையாக ஓட்டக் கற்றார். அவர் வீட்டுச் சந்து குறுகல் என்பதால் வண்டி எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் நின்றது.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை. அண்ணி கொள்ளேகாலுக்குப் போய்த் தங்க நேர்ந்தது. போகும்போது என்னிடம், "லில்லி, வண்டிய பாத்துக்கோ. பெட்ரோல் ரொம்ப நாள் நிக்கக் கூடாதுன்னு நீதானே சொல்வே? எறக்கிட்டு மாத்தி ஊத்திடு," என்றார்.

"சரி அண்ணி" என்றேன்.

செய்யவில்லை. நாளை, நாளை என்று தள்ளினேன். போர்ட்டிகோவுக்குள் சாரல் அடித்தது. டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்ததையும் பார்த்தேன்... பார்த்துவிட்டுக் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். இதைக் குழுவில் படம் வரைந்தே விளக்கியவள் நான்!

அண்ணி திரும்பி வந்ததும் குழுவோடு மாதேஸ்வரன் மலைக்குப் புறப்பட்டோம். பெட்ரோல் மாற்றியாயிற்றா என்று அவர் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. சமதரையில் வண்டி ஒழுங்காகவே ஓடியது. ஏற்றம் தொடங்கியதும் டேங்க் பின்பக்கம் சாய்ந்து, அடியில் கிடந்த நீர் குழாய் வாய்க்கு நகர்ந்தது. கொண்டை ஊசி வளைவின் நடுவில் எஞ்சின் திக்கித் திக்கி அணைந்தது. வண்டி பின்னால் உருண்டது. அண்ணி சரிந்து விழுந்தார்.

பின்னால் வந்த பேருந்து கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி, "ஏனம்மா, காடி ஓட்ஸக்கெ பரல்வா?" என்று கத்தினார். ஓட்டத் தெரியாதா என்று! பேருந்தின் ஜன்னல்களில் எல்லாம் முகங்கள். முழங்கைச் சிராய்ப்பைத் துடைத்தபடி அண்ணி அந்த முகங்களுக்கெல்லாம் சேர்த்து "ஸாரி, ஸாரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வண்டியை ஓரமாகத் தள்ளிப்போய்க் குழாயைக் கழற்றி ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்தேன். மேலே பெட்ரோல், கீழே கலங்கிய நீர். தெளிவான இரண்டு அடுக்குகள்! யாரும் கவனிக்கவில்லை. டேங்கின் அடியில் கிடந்ததெல்லாம் வெளியேறும்வரை பிடித்துப் பிடித்துக் கீழே கொட்டினேன். குழாயை மாட்டி உதைத்தேன். எஞ்சின் உயிர்பெற்றது.

"என்னாச்சு வண்டிக்கு?" என்று குழுவினர் கேட்டார்கள்.

"வண்டியில ஒண்ணுமில்ல," என்றேன்.

இரண்டே சொற்கள்... மீதியை அவர்களே முடித்துக்கொண்டார்கள். க்ளட்ச் பிடிக்கத் தெரியவில்லை என்றார் ஒருவர். "ஸ்டெல்லாக்கா, உங்களுக்கு ஸ்கூட்டர்தான் சரி," என்று சிரித்தார் வங்கியில் வேலை பார்க்கும் சதாசிவா. அண்ணியும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஏன் நிறுத்தவில்லை? என்ன இழந்திருப்பேன்? கொஞ்சம் தலையாட்டல்... அவ்வளவுதானே!

அதன்பின் அண்ணி வண்டியைத் தொடவில்லை. இரண்டு வருடங்கள் அது உறைபோட்டு நின்றது.

சென்ற தை மாதம் ஒரு ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்து அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். "வண்டிய வித்துடலாம்னு இருக்கேன் லில்லி. ஓட்டத் தெரியாதவளுக்கு எதுக்கு?"

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"விக்காதீங்க அண்ணி. அன்னிக்குத் தப்பு உங்க மேல இல்ல. டேங்க்ல தண்ணி இருந்தது. பெட்ரோல நான் மாத்தவே இல்ல. எனக்கு... அங்கயே தெரியும்."

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்போ நான் க்ளட்ச்ச சரியாத்தான் புடிச்சேனா?"

"சரியாத்தான் புடிச்சீங்க."

"அந்த வளைவ மனசுக்குள்ள எத்தன தடவ ஓட்டிப் பாத்திருக்கேன் தெரியுமா? எங்க தப்பு பண்ணேன், எங்க தப்பு பண்ணேன்னு..."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "எங்கிட்ட சொன்னா ஆச்சா? அன்னிக்குச் சிரிச்சவங்ககிட்ட யாரு சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு நஞ்சன்கூடு சாலையில் குழு சிற்றுண்டிக்கு நின்ற இடத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். "மேடம், நீங்களா?" என்றது ஒரு குரல். சதாசிவா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அங்கிருந்தே அண்ணிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். பெட்ரோல் பற்றி இப்போது என்னிடம் யாரும் கேட்பதில்லை.

அண்ணி வண்டியை விற்கவில்லை! டேங்கைக் கழுவவைத்தார். புதுக் குழாய்கள், மூடிக்குப் புது ரப்பர். பிறகு அதை எங்கள் போர்ட்டிகோவிலிருந்து எடுத்துப்போனார்.

"அங்க எடம் இல்லயே அண்ணி..."

"எடத்த நான் பாத்துக்கறேன்."

சுருக்கென்றது. நியாயம்தானே?

சென்ற வாரம் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "ஞாயித்துக்கிழம மடிக்கேரி போறோம். வர்றியா?" போனேன். மலையேற்றத்தில் அண்ணி எனக்கு முன்னால் வளைவு வளைவாக ஏறிப்போனார், ஓர் இடத்திலும் தயங்காமல். உச்சியில் ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வை வழிய, வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் ஒரு காபி வாங்கித் தந்தார்.

மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் உடனே சொல்லிவிடுவார்... அப்படிப்பட்டவர் அவர். அதனால்தான் கேட்கமாட்டேன்.