கலைவாணி அக்காவின் நம்பர்

வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் ஒரு சிறுபாலத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தோம். காலை பஸ் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடியே சொன்னார்: “பொண்ணு, கீழ பிரவுசிங் சென்டர் கலைவாணி போயிட்டாங்க. விடியக்காத்தால மாரடைப்பாம். உனக்குச் சொல்லச் சொன்னாங்க.” டிரைவர் ஹார்ன் அடித்தார். பஸ் போய்விட்டது. கொத்தனார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “யாருங்க மேடம், சொந்தமா?” என்று கேட்டார். ஐந்து வருடமாக நான் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தின் பின் சந்தில் இருந்த அந்தக் கடையில் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போட்டவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இரண்டு கம்ப்யூட்டர், எந்நேரமும் தாள் சிக்கும் ஒரு பிரிண்டர், பூப்போட்ட உறை போட்ட நாற்காலி. கலைவாணி அக்கா மெக்கானிக்கல் படித்தவர். விரும்பிப் படித்ததல்ல. “எவனோ ஒருத்தன் அவசரத்துல என் லிஸ்ட்ட நிரப்பி வுட்டான். நாலு வருசம் லேத் மெஷினப் பாத்துகினு நின்னேன். அந்தக் கடுப்புலதான் இந்தக் கடையே தொறந்தேன்” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் அது சிரிப்பல்ல.

அதனால் அவர் கடையில் ஒரு சட்டம் இருந்தது. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று வரிசைப்படுத்திய பட்டியலை, இனி மாற்ற முடியாதபடி கம்ப்யூட்டரில் பூட்டுவதற்கு முன், மாணவர் அதை மூன்று முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். என் முறை வந்தபோது அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பா கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர். ஒரு சமயம் அங்கே கட்டட வேலையிலும் இருந்தார். தலையில் மஞ்சள் தொப்பியோடு வந்து இறங்கிய ஒரு பெண் இன்ஜினியரைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு இன்ஜினியரிங் என்றால் சிவில்தான். எனக்கோ எலெக்ட்ரிக்கல் ஆசை. பட்டியல் முழுக்க சிவில். நான் மூன்று முறை படித்தேன். ஸ்கூல் பிரேயரில் உறுதிமொழி சொல்கிற மாதிரி சத்தமாகப் படித்தேன்.

அக்கா மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார். “இது உன் ஆசையா, உங்கப்பா ஆசையா?”

“என் ஆசைதான்க்கா.”

அப்பா பூரித்துப் போனார். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் நான் ரொம்ப நாள் இதை வசதியாக மறந்திருந்தேன்.

மலைப் பிள்ளைகளுக்காக அக்கா இன்னொன்றும் செய்தார். எங்கள் ஊர்களில் சிக்னல் கிடையாது. வீட்டில் இருக்கிற ஒரே போனும் அப்பாவோடு கேரளத்துக்குப் போய்விடும். ஓ.டி.பி. எங்கே வரும், இடம் கிடைத்த செய்தி எங்கே வரும்? அதனால் எங்கள் விண்ணப்பங்களில் எல்லாம் தன் நம்பரையே போட்டுவிடுவார். செய்தி வந்ததும் ஒரு சீட்டில் எழுதி, மடித்து, மேலே ஊர்ப் பெயரைப் போட்டு மலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். எங்கள் ஊர் டீக்கடையில் அது வந்து சேரும். சிவிலில் எனக்கு இடம் கிடைத்ததும் அப்படி ஒரு சீட்டில்தான் வந்தது. ஓரத்தில் ‘அழாதே’ என்று எழுதியிருந்தார். என் பொய்யை அவர் நம்பவேயில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கல்லூரியில் சர்வே வகுப்பில் வெயிலில் கோல் பிடித்து நிற்கும்போதெல்லாம், எதிரே எலெக்ட்ரிக்கல் பிளாக்கைப் பார்ப்பேன். ஒரு சுவர்தான் நடுவில். முதல் வருடம் எல்லாப் பாடத்திலும் தேறி, அங்கே ஓர் இடம் காலியாக இருந்தால் மாறலாம் என்று சொன்னார்கள். ஒரு வருடம் வெறி பிடித்த மாதிரி படித்தேன். ஓர் இடம் காலியானது. கேரளத்தில் இருந்த அப்பாவுக்குத் தெரியாமல் விண்ணப்பம் கொடுத்துவிட்டு லீவுக்கு மலையேறினேன். கல்லூரிப் பதிவேட்டிலும் அக்காவின் நம்பர்தான் இருந்தது.

நாட்கள் ஓடின. சீட்டு வரவில்லை. தினமும் சாயங்காலம் பஸ் வரும் நேரத்துக்கு டீக்கடையில் போய் நின்றேன். கண்டக்டர் உதட்டைப் பிதுக்குவார். பிறகு ஒரு நாள் பஸ்ஸிலிருந்து அக்காவே இறங்கினார். செருப்பெல்லாம் சேறு. எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, அம்மா உட்காரச் சொல்லியும் உட்காராமல் சொன்னார்:

“ரெண்டு நாளுக்குள்ள வந்து கையெழுத்துப் போடணும்னு காலேஜ்லருந்து மெசேஜ் வந்துது. பாத்தேன். ரிசல்ட் வந்த நாள், கடையில கூட்டம் ஜாஸ்தி. அப்புறம் சீட்டு எழுதிக்கலாம்னு வச்சேன், மறந்துட்டேன். நேத்தோட டைம் முடிஞ்சிபோச்சு. தப்பு என்மேலதான். வேற இன்னா சொல்றதுன்னு தெரியல.”

“உங்களுக்கு மறதி. எனக்கு ஆயுசுக்கும் சிவில்” என்றேன். அம்மா என்னை அடக்கினாள். அக்கா அடங்கச் சொல்லவில்லை.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு என்னோடு கல்லூரிக்கு வந்தார். அந்த இடம் அடுத்த பையனுக்குப் போய்விட்டது என்றார்கள். “சார், தப்பு பண்ணது நானு. தண்டனை இந்தப் பொண்ணுக்கு எதுக்கு சார்?” என்று ஒவ்வொரு அறையாகப் போய்க் கேட்டார். “விதி அப்படிம்மா” என்று ஒவ்வோர் அறையிலும் சொன்னார்கள். சாயங்காலம்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அவர் உட்கார வந்தார். நான் பையை எடுத்து அங்கே வைத்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் ‘பேசிக்கொண்டது’.

படித்து முடித்தேன். ஒப்பந்தக்காரரிடம் சைட் இன்ஜினியர் வேலை. அப்பா என் மஞ்சள் தொப்பியை ஊருக்கே காட்டினார். எனக்கு அதைத் தலையில் வைக்கும்போதெல்லாம் எரிச்சல் வரும்; எரிச்சல் வரும்போதெல்லாம் அக்கா நினைவுக்கு வருவார். பழி போட ஓர் ஆள் இருந்தது சௌகரியமாகத்தான் இருந்தது.

சேதி கேட்ட அன்றே துக்க வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அக்காவின் தம்பி அவருடைய போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தான். “காத்தாலருந்து கத்திகினே இருக்குது மேடம். இன்னா மெசேஜுன்னே புரியல. சிம்ம எடுத்துக் கடாசிடட்டா?” வாங்கிப் பார்த்தேன். கவுன்சிலிங் நடக்கும் நேரம். இந்த வருடத்து மலைப் பிள்ளைகள் ஒன்பது பேர் அந்த நம்பரில் இருந்தார்கள். ஒன்பது பேரும் டீக்கடைகளில் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். “குடுடா இப்படி” என்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சீட்டு எழுதினேன். கண்டக்டர் வாங்கி டிக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டார். எட்டுச் சீட்டும் ஒழுங்காகப் போயின. ஒன்பதாவது செய்தி, பாலத்துக்குக் கான்கிரீட் போட்ட நாளில் வந்தது; சைட்டில் கொஞ்சம் சிக்னல் எட்டும். கலவை மெஷின் சத்தத்துக்கு நடுவில் பார்த்தேன். ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்திருந்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். இந்தத் தளம் போட்டு முடியட்டும், சீட்டு எழுதலாம் என்று போனைப் பைக்குள் போட்டேன். மறந்துவிட்டேன். சுத்தமாக மறந்துவிட்டேன். மறுநாள் மதியம் சோற்றில் கை வைத்தபோதுதான் ஐயோ என்று ஞாபகம் வந்தது. கை கழுவக்கூட இல்லை, வண்டியை எடுத்தேன். அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து, வண்டியில் ஏற்றி, சிக்னல் கிடைக்கிற வளைவுக்குக் கூட்டிவந்தேன். அவளை மட்டும். “உங்கப்பா இல்ல இங்க. இந்தப் பிரிவு நீ கேட்டதுதானா?” என்றேன். தலையாட்டினாள். வாயால் சொல்ல வைத்தேன். பிறகுதான் போனில் ‘சம்மதம்’ என்பதை அழுத்தினேன்.

நேரம் இருந்தது. எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது, அக்காவுக்கு இல்லை. வேறு எந்த வித்தியாசமும் இல்லை.

அந்த நம்பர் இப்போது என்னிடம் இருக்கிறது. அடுத்த வருடத்துக்கு இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். இனி அந்த சிம்மை என்னால் கழற்றிப் போட முடியாது. உங்களில் யாருடைய தம்பி தங்கைக்காவது வேண்டுமென்றால் அதே நம்பர்தான். அக்கா, நீங்களும் என்னை மாதிரிதான் மறந்தீர்கள். ஆனால் நீங்கள் மலையேறி வந்து, வாசலில் நின்று, அதைச் சொன்னீர்கள். என் பொய்யை நான் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.