வாசலிலிருந்து பதினெட்டு அடி

அப்பாவைப் புதைத்த எண்பத்திரண்டிலேயே நாங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டோம். மழை இல்லை, கிணறு வற்றிவிட்டது, குத்தகை நிலமும் கைமாறியது. அங்கே யார் கேட்டாலும் அம்மா, "நாங்க காரிமங்கலம் பக்கமுங்க. எங்க வூட்டுக்காரரு அந்த மண்ணுலதான் இருக்காரு" என்பாள். சொல்லிக்கொள்ள வேறு எதுவும் எங்களுக்கு அங்கே மிச்சமில்லை.

கல்லறைத் திருநாளுக்கு மட்டும் வருஷம் தவறாமல் ஊருக்கு வருவோம். அப்பாவுக்குச் சிலுவை நட வக்கில்லை. மண்மேடு அடுத்த மழையில் கரைந்துபோனது. கல்லறைத் தோட்டத்து வாசலிலிருந்து பதினெட்டு அடி எண்ணி நடப்பாள் அம்மா. அங்கே மண்ணைக் கூட்டிச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அந்த வருஷத்துச் சண்டை சச்சரவையெல்லாம் உட்கார்ந்து அப்பாவிடம் சொல்வாள்.

எண்பத்தெட்டில் அம்மா செத்தாள். அப்பா பக்கத்தில் போடச் சொல்லியிருந்தாள். வேனில் கொண்டுவந்து, சுண்ணாம்பு மேட்டைக் காட்டினேன். குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"இது உங்கப்பன் குழி இல்லம்மா."

முதல் வருஷம் வந்தபோதே முள்வேலி இருந்த இடத்தில் சுவர் வந்திருந்ததைப் பார்த்தோம். அதோடு வாசலும் தள்ளிப்போனது தெரியாது. ஊரில் இருந்தவன் எவனுக்கும் தெரியும்.

"அப்ப இது யாரு?"

"சந்தைக்கு வந்த ஆளு. பஸ்ஸுக்கு நின்னவரு உளுந்து செத்துட்டாரு. எந்த ஊருன்னு தெரியல. கழுத்துல ஜெபமாலை இருந்துச்சு, இங்க போட்டோம்."

"வருஷா வருஷம் பாத்துக்கிட்டுதான இருந்தீங்க? வாயத் தொறந்தா என்னங்க?"

"உங்கம்மா பேசிக்கிட்டு இருந்தாங்க. அந்தாளுக்கும் யாருமில்ல. மெழுகுவத்தி எரிஞ்சா எரியட்டும்னு உட்டுட்டேன்."

அப்பாவின் நிஜக் குழியையும் காட்டினார். ஆள் வராத குழி என்று அதில் வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். அங்கே அதுதான் வழக்கம். வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி என்ன ஆகப்போகிறது, பொணம் வேனில் கிடக்கிறது. அந்த மேட்டுக்குப் பக்கத்திலேயே அம்மாவை வைத்தோம். இத்தனை வருஷம் அவள் பேசியதையெல்லாம் கேட்டவன் அவன்தான்.

அடுத்த நவம்பரில் அம்மாவுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று ஏற்றினேன். மூன்றாவது மெழுகுவர்த்தியோடு அப்பா கிடந்த இடத்துக்குப் போனேன். புதுச் சிலுவை, சாமந்திப் பூ, சுற்றி ஒரு குடும்பம். அதில் ஒருத்தி என் கையைப் பார்த்தாள்.

"யாருங்க நீங்க? எந்த ஊரு?"

"இந்த ஊருதாங்க."

"பாத்ததே இல்லீங்களே."

அவள் நகரவில்லை. மெழுகுவர்த்தியைப் பற்றவைக்காமல் பெங்களூருக்கே கொண்டுவந்துவிட்டேன்.