கல்லறை இல்லாதவருக்கு ஒரு மெழுகுவத்தி

ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன். ஆனால் அவரோடு சண்டை போட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன ஆடி மாதம், சாந்தோம் குப்பத்திலிருந்து கடலுக்குப் போன என் வீட்டுக்காரரின் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர் நீந்திக் கரை சேர்ந்தார். இவர் வரவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை. “உடம்பையாவது கொடு சாமி” என்று தினமும் கடலைப் பார்த்துக் கேட்டேன். கிடைக்கவே இல்லை.

அப்புறம் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நான் மீன் விற்கிறவள். கூடையைத் திறந்தாலே ஒரே நினைப்பு. இந்த மீன் அவரைத் தின்றிருக்குமோ? அப்படியானால் கடைசி நாளில், செத்தவர்கள் எல்லாரும் உயிரோடு எழும்பும்போது, இவர் எந்த உடம்போடு எழும்புவார்? நான் எப்படி அவரைப் பார்ப்பேன்? வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். வியாபாரத்தை விட்டேன். வீட்டில் மீன் வாசனையே கூடாது என்றேன். என் மகள் ஸ்டெல்லா மோர்ச்சோறு தின்றே இளைத்துப் போனாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. எல்லாரையும் போல நானும் பூவும் மெழுகுவத்தியும் வாங்கிவிட்டேன். எங்கே ஏற்றுவது? கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றேன். நாத்தனார் மேரி கையைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னா அண்ணி, இங்கியே நின்னுகினு கீறே? உள்ள வா.”

“உள்ள யாருடி கீறாங்க எனக்கு? உங்கண்ணன் மீன் வயித்துல கீறாரு, போ!”

கத்திவிட்டேன். கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் திரும்பிப் பார்த்தார். அவரையும் விடவில்லை. “மீன் தின்னுட்டா அவரு எப்பிடி ஃபாதர் எழும்புவாரு?”

அவர் கோபப்படவில்லை.

“இதே கேள்விய முதல் கிறிஸ்தவங்களும் கேட்டாங்கம்மா. அந்தக் காலத்து ராஜாங்க அவங்க ஆளுங்கள மிருகத்துக்குப் போட்டாங்க, எரிச்சு சாம்பல ஆத்துல விட்டாங்க. எத்தனையோ பேருக்குக் கல்லறையே இல்ல. மிச்சம் இருந்தவங்க அழுதாங்க. அழுதுகிட்டே நம்புனாங்க. ஒண்ணுமில்லாததுலேர்ந்து நம்மள உண்டாக்குனவருக்கு, திரும்ப எடுக்கத் தெரியாதா? கடலும் அவர்கிட்ட திருப்பிக் கொடுத்துத்தான் ஆகணும்னாங்க.”

பயம் அங்கேயே பறந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஜெபம் மாறியது. அன்றே மேரியோடு கடற்கரைக்குப் போய் மெழுகுவத்தியை ஏற்றி, “நான் வர்ற வரைக்கும் அவரைப் பத்திரமா வச்சிக்கோ சாமி” என்றேன். மெழுகுவத்தியைக் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. மேரி முந்தானையை விரித்து மறைத்தாள்.

மறுநாள் சங்கரா மீன் வாங்கி ஆய்ந்தேன். குழம்பு வைத்தேன். ஸ்டெல்லா இரண்டாம் தடவை சோறு கேட்டாள். அழுதுகொண்டே நானும் ஒரு வாய் தின்றேன். இறங்கியது. நான் கேட்டதைக் கடவுள் தரவில்லை. என்னைத் திருப்பித் தந்தார். இப்போது கூடை தூக்குகிறேன்.

உங்களிலும் கல்லறை இல்லாதவர்களுக்காக அழுகிறவர்கள் இருப்பீர்கள். அடுத்த திருநாளுக்கு என்னோடு கடற்கரைக்கு வாருங்கள். காற்று அணைக்கத்தான் செய்யும். தீப்பெட்டி நான் கொண்டுவருகிறேன்.