என் மகள்தான் என்று சொன்னேன்

சென்ற கோடை விடுமுறை முடியும் வாரம் அது. லண்டன் நோர்பரியிலிருந்து சுவிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காரில் புறப்பட்டேன். பின்னிருக்கையில் அக்காவின் ஆறு வயது மகள். விடுமுறை தொடங்கியபோது அத்தான் விமானத்தில் கூட்டிவந்து எங்களிடம் விட்டுப்போயிருந்தார். அக்காவுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கியிருந்தது. பள்ளிக்கூடம் தொடங்குமுன் அவளை வீட்டில் சேர்க்க வேண்டும். கூடவே ஒரு தொட்டில், ஒரு தள்ளுவண்டி, பிள்ளை பெற்றவர்களுக்குக் கறி வைப்பதற்காக அம்மா வறுத்து அரைத்த சரக்குத்தூள்.

மென்பொருளில் எங்கே பிழை வரும் என்று முன்கூட்டியே தேடுவது என் தொழில். பயணத்துக்கும் அப்படித்தான் தயாரானேன். கடவுச்சீட்டுகள், காரின் பதிவுப் பத்திரம், காப்புறுதி, சுவிஸ் நெடுஞ்சாலைக்கான ஸ்டிக்கர் வாங்கிய ரசீது, சரக்குத்தூளில் என்னென்ன இருக்கிறது என்ற விவரம்கூட ஒரே கோப்பில் வரிசையாக இருந்தன. "சந்திரனுக்கோ போறாய்?" என்று அம்மா கேட்டார்.

கடலுக்கடியில் காரை ஏற்றிச்செல்லும் ரயிலடியில் ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். பிரான்ஸ் வழிநெடுக பின்னிருக்கைக்காரிக்குப் பாதி நேரம் நித்திரை. மீதி நேரம் தம்பியா தங்கச்சியா என்ற ஆராய்ச்சி.

பின்னேரம் சுவிஸ் எல்லையில் ஒரு பெண் அதிகாரி கைகாட்டி ஓரமாக நிறுத்தச் சொன்னார். கோப்பை எடுத்து நீட்டும்போது எனக்கு உள்ளூரப் பெருமைதான். கடவுச்சீட்டுகளைப் புரட்டிவிட்டு, இவள் உங்கள் மகளா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. ஆம் என்றேன்.

எங்களுக்குள் அக்காவின் பிள்ளை பெறாமகள். பெறாவிட்டாலும் மகள்தான். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தோர்ண்டன் ஹீத் கடைகளில் யார் கேட்டாலும் "என்ர மகள்" என்றே சொல்லியிருக்கிறேன்; அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. ஆனால் அந்த இரண்டு கடவுச்சீட்டுகளிலும் எதுவுமே பொருந்தவில்லை. என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர், அவள் பெயருக்குப் பின்னால் அவள் அப்பாவின் பெயர். நான் பிரித்தானியப் பிரஜை, அவள் சுவிஸ் பிரஜை.

அதிகாரி பின் ஜன்னலருகே குனிந்து அவளிடம் ஜெர்மன் மொழியில் ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு நீளமாகப் பதில் சொன்னாள். எனக்கு ஜெர்மன் தெரியாது. நடுவில் வந்த "சித்தி" மட்டும்தான் புரிந்தது. அதிகாரி நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. காரைப் பூட்டச் சொல்லித் திறப்பை வாங்கிக்கொண்டு எங்களை உள்ளே கூட்டிப்போனார்.

அங்கே எங்களை வேறு வேறு மேசைகளில் இருத்தினார்கள். இப்போது நான் உண்மையைச் சொன்னேன், ஆனால் முதலில் சொன்னது வேறாக இருந்ததால் அதுவும் கதைபோலவே கேட்டது. பெற்றோரின் சம்மதக் கடிதம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். இல்லை. அப்படி ஒன்று வேண்டுமென்று எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் பிள்ளையைக் கூட்டிப்போக எங்களுக்கு ஏன் கடிதம்?

அக்காவின் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. அத்தானுடையது நிறுத்தப்பட்டிருந்தது. லண்டனில் அம்மாவைப் பிடித்தேன். காலையிலேயே அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், வண்டி ஓட்டும்போது நான் பதறக்கூடாது என்பதால் சொல்லவில்லை என்றார். அதிகாரி அம்மாவோடும் பேசினார். ஆனால் பெற்றவர்களில் ஒருவர்தான் பேசவேண்டும் என்றார். என் கைபேசியிலிருந்த படங்களைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"இவளை உங்களுக்குத் தெரியும் என்று படம் சொல்கிறது. இவள் எங்கே இருக்கிறாள் என்று பெற்றோருக்குத் தெரியும் என்று அது சொல்லவில்லை" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. என் நிறத்தைப் பார்த்துத்தான் இத்தனை கேள்வியோ என்றுகூட நினைத்தேன். அவளை என்னிடமிருந்து பிரித்து வேறெங்காவது கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம்தான் கோபமாக வந்தது என்று இப்போது தெரிகிறது. அந்த நேரம் பார்த்து அவள் மற்ற மேசையிலிருந்து கேட்டாள்: "சித்தி, எங்களுக்கு ஏசுவினமோ?"

"இல்லையடா, சும்மா கதைக்கினம்" என்றேன்.

அதிகாரி தன் பையிலிருந்த அப்பிள் பழத்தை வெட்டி அவளுக்குக் கொடுத்தார். பிறகு ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டு, தானே அழைத்து, பிரசவப் பகுதியில் தகப்பனுக்குச் செய்தி வைத்தார். அழைப்பு திரும்பி வரும்வரை அவள் பக்கத்திலேயே இருந்து பூனை வரைந்துகொண்டிருந்தார்.

கடைசியில் மேசைத் தொலைபேசி அடித்தது. என்னிடம் தரவில்லை. முதலில் அவர்தான் நிறையக் கேள்விகள் கேட்டார். கேட்கக் கேட்க முகம் இளகியது. அதன்பிறகே என் கையில் தந்தார்.

"என்ன மச்சாள், என்ர பிள்ளையைக் கடத்திக்கொண்டு வாறீராமே?" என்றார் அத்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "உமக்குப் பெறாமகன் பிறந்திருக்கிறான். அக்கா சுகம். பிள்ளையிட்டச் சொல்லாதையும், நான்தான் சொல்லவேணும்."

வெளியே வந்து, பிள்ளையின் இருக்கைப் பட்டியை அதிகாரியே சரிபார்த்தார். முதலில் மகள் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன், எங்கள் வழக்கத்தையும் சொன்னேன். அழகான வழக்கம் என்றார். பிறகு அமைதியாக, "நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியும்வரை இவள் என் பொறுப்பு" என்றார்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அந்த வார்த்தைதான் என்னோடு வந்தது. உண்மையாகவே யாரோ ஒருத்தி அவளைக் கடத்திக்கொண்டு போயிருந்தால், அந்தச் சாலையில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு பெண் மட்டும்தானே.

இப்போது அக்காவும் அத்தானும் கையெழுத்திட்ட கடிதம் என் கோப்பில் முதல் தாளாக இருக்கிறது. ஆனாலும் எங்கள் பிள்ளைகள் எங்காவது பயணம் புறப்படும்போதெல்லாம், என்னை நம்ப மறுத்த அவரைப் போல ஒருவர் வழியில் இருக்கவேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொள்கிறேன்.